தெளிப்பவன் உடலுக்குக் கணக்கு வைத்தவர் யார்?

(வவுனியாவில் கூடிய கமக்காரர், தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



கிளைபோசேற் என்னும் களைநாசினியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். அது மனிதனுக்கு நஞ்சா, அன்றா என ஒரு சொல்லில் விடை வேண்டுவோருக்கு நாம் ஏமாற்றத்தையே அளிக்க நேரும். வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் ஒருமுகமாகத் தீர்க்காத வழக்கைச் சட்டம் படித்தோர் தீர்க்கப் புகுவது முறையன்று. ஆயினும் அவ்வழக்கிலே எவருடைய நலன் பேசப்படுகின்றது, எவருடைய நலன் மறக்கப்படுகின்றது என்பதை எடுத்துரைப்பது எமது கடமையாகும்.

1974ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த இம்மருந்து, பயிர்பச்சைகளின் உடலிலுள்ள ஒரு நொதியத்தை முடக்கி அவற்றை மடியச் செய்கின்றது. மனிதனிடத்தில் அந்நொதியம் இல்லை. ஆகவே மனிதனுக்குத் தீங்கில்லை என்பது உற்பத்தியாளரின் வாதம். கேட்பதற்கு அழகான வாதந்தான்! ஆனால் நீங்கள் முதுகிலே சுமக்கும் தாங்கியில் இருப்பது தனிக் கிளைபோசேற் அன்று. மருந்து இலையில் ஒட்டி உட்புகுவதற்காகச் சவர்க்காரம் போன்ற பொருட்களும் அதிற் சேர்க்கப்படுகின்றன. அவற்றுள் ஒரு வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2016ஆம் ஆண்டிலேயே விலக்கிவிட்டது.

உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்து பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 2015 மார்ச்சில், கிளைபோசேற்றை அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருட்களின் வகுப்பிலே சேர்த்தது. நிணநீர்த் தொகுதியில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயே முக்கியமாகச் சுட்டப்பட்டது. அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்புத் திணைக்களமோ இதனை ஏற்கவில்லை. மருந்து தெளிக்கும் அமெரிக்கர் 50,000 பேருக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2018இல் வெளியான அறிக்கை அந்நோய்க்கும் இம்மருந்துக்கும் தொடர்பு காணவில்லை. பல ஆய்வுகளைத் திரட்டி நோக்கிய 2019ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வோ, மிகுதியாக ஆளானோரிடையே அந்நோயின் ஆபத்து 41 வீதம் கூடுதலெனக் கண்டது.

இவர்களுள் ஒருவர் பொய்யர் என நாம் கூற வரவில்லை. பாம்புக்கு நஞ்சுண்டா என்று ஒருவர் கேட்கின்றார். அது தீண்டும் வாய்ப்பு எவ்வளவு என்று மற்றவர் கேட்கின்றார். வாய்ப்புக் குறைவென்போர், கையுறையும் சப்பாத்தும் அணிந்து, சீட்டிற் கண்டபடி கலந்து தெளிக்கும் ஒருவனையே மனத்திற் கொள்கின்றனர். சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலுடன் வரம்பில் நடந்து, கசியும் தாங்கியால் முதுகு நனைய நிற்கும் எமது கமக்காரன் அவர்கள் கணக்கில் எங்கேயுள்ளான்?

சிறுநீரக நோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1990ஆம் ஆண்டுகள் முதல் மதவாச்சி, பதவியா முதலிய வடமத்தியப் பகுதிகளிலே காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் கமக்காரரை வாட்டி வருகின்றது. எமது வவுனியாவும் அதற்குத் தப்பவில்லை. கடின நீரும், உலோகங்களும், கிளைபோசேற்றும் ஒன்றுகூடி இந்நோயை விளைவிக்கலாம் என 2014இல் இலங்கை ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். அது கருதுகோளேயன்றி நிரூபணம் அன்று. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இத்தகைய நோய் உண்டு. அங்கே கொடும் வெயிலும் உடல் நீர் வற்றுதலுமே பெரிதும் பேசப்படுகின்றன. ஆகவே காரணம் இதுவொன்றேயென மேடையேறி முழங்குவோரை நம்பிவிடாதீர்கள்.

அரசாங்கம் யாது செய்தது? 2015இல் தடை. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் விலக்கு. 2021இல் இரசாயன உரம், கிருமிநாசினி யாவற்றுக்கும் தடை. ஆண்டு முடியுமுன்பே தளர்வு. 2022 ஆகஸ்டில் கிளைபோசேற் மீண்டும் வந்தது. விளைச்சலும் அந்நியச் செலாவணியும் அலசப்பட்டன; தெளிப்போரின் இரத்தம் எத்தனை இடத்திலே சோதிக்கப்பட்டது? தடைக்காலத்தில் தோட்டங்கள் வேறு மருந்துகளை நாட, அவற்றுள் ஒன்றின் எச்சம் இலங்கைத் தேயிலையில் இருப்பதை 2018இல் யப்பானியர் கண்டனர். உடனே கொழும்பு துடித்தெழுந்தது. யப்பானியன் கோப்பையில் எஞ்சிய துளிக்கு அளவுகோல் உண்டு! மலையகத்திலே அதே மருந்தைத் தெளித்த தொழிலாளியின் உடலில் எஞ்சியதை அளக்க ஒருவரும் இல்லை.

குற்றவியல் மன்றிலே ஐயத்தின் பயன் எதிரிக்கு வழங்கப்படுகின்றது. மனிதனின் சுதந்திரம் அருமையானது என்பதால் எழுந்த விதி அது. அவ்விதியை ஒரு போத்தலுக்கும் வழங்குமாறு எந்தச் சட்டமும் எம்மைப் பணிக்கவில்லை.

கலிபோர்னியாவில் பாடசாலைத் திடல்களைப் பராமரித்த தொழிலாளி ஒருவர் மொன்சாண்டோ கம்பனிமீது வழக்காடினார். 2018 ஆகஸ்டில் யூரர்கள் அவருக்கு 28 கோடியே 90 இலட்சம் டொலர் விதித்தனர். மேன்முறையீட்டில் அது 2 கோடியே 5 இலட்சமாகக் குறைந்தது. பின்வந்த வழக்குகள் பலவற்றில் கம்பனியும் வென்றுள்ளது. நாம் கவனிக்க வேண்டியது தொகையை அன்று. ஆண்டுக்கு எத்தனை தடவை தெளித்தார், எப்போது உடல் நனைந்தது என்று அவரால் மன்றிலே எடுத்துரைக்க முடிந்தது.

எமது நிலை யாது? தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வயலுக்கு வராது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் கூலிக்கு உழைப்போருக்கே. சொந்த நிலத்தில் தெளிப்பவனுக்கு அதிற் பங்கில்லை. கூலியாள் கேட்டாலும், நோய் தொழிலால் வந்ததென நிறுவும் பாரம் அவன் தலையில். எதைக் கொண்டு நிறுவுவான்? வெற்றுப் போத்தலையும் வாய்க்காலில் எறிந்துவிட்டானே!

ஆகவே தெளிப்போர் யாவருக்கும் ஆண்டுதோறும் இலவச இரத்தப் பரிசோதனை வேண்டும். கையுறையும் சப்பாத்தும் மருந்தோடு சேர்த்தே வழங்கப்பட வேண்டும். தோட்டங்களிலே தெளிப்போர் இடாப்பு வேண்டும். இவற்றை அரசாங்கத்திடம் கேட்போம். கிடைக்கும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, மருந்தின் பெயர், தெளித்தவர் பெயர், தெளித்த மணிநேரம், உடல் நனைந்ததா என்பது, இவ்வளவும் அதில் ஏறட்டும். போத்தலின் சீட்டையும் ஆஸ்பத்திரித் துண்டையும் அதனுள்ளே வையுங்கள். எழுத இயலாதோருக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் ஒரு கொப்பியேனும் எமது மேசைக்கு வரவேண்டும்.