மயோனெய்ஸ் இல்லாத சூரை மீன் சலாது

கண்டி மாநகருக்கு அண்மையில், மகாவலி கங்கைக் கரையிலே அமைந்துள்ள ஊர் குண்டசாலை. கண்டியரசின் இறுதிச் சிங்கள மன்னனாகிய வீர நரேந்திரசிங்கன் (1707–1739) அரண்மனை அமைத்து வாழ்ந்த ஊர் அது. இக்காலத்தில் விவசாயக் கல்விக்குப் பெயர் பெற்றிருக்கின்றது. கீரைக்கும் காய்கறிக்கும் அங்கே குறைவில்லை, கடல்தான் தொலைவிலுள்ளது. ஆகவே, விருந்தினர் திடீரென வந்துவிட்டால், தகரத்தில் அடைத்த சூரை மீனே அவ்வூர் இல்லத்தார்க்குக் கைகொடுக்கின்றது.

இம்மீனைச் சலாதாக்கும் மேனாட்டார் பெரும்பாலும் மயோனெய்ஸ் சேர்ப்பர். முட்டையின் மஞ்சட் கருவோடு எண்ணெயையும் வினாகிரியையும் கலந்து அடித்துச் செய்வது அது. அதன் பெரும்பகுதி எண்ணெயே. வீட்டில் செய்யும்போது பச்சை முட்டை சேர்வதால், வெப்ப நாடுகளில் கிருமி பெருகுவதற்கும் அது இடமளிக்கும். அதை விலக்கினால் சுவை குன்றுமோ என்று சிலர் ஐயுறுவர். அந்த ஐயத்துக்கு ஆசிய நாட்டு உணவு முறையே விடையளிக்கின்றது.

மாலைதீவு மக்கள் காலையுணவாக உண்ணும் ‘மஸ் ஹுனி’ இதற்குச் சிறந்த சான்று. சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ச் சாறு ஆகியவற்றைப் பிசைந்து, ரொட்டியுடன் உண்பர். பதினான்காம் நூற்றாண்டில் அத்தீவுகளில் தங்கிய இபுனு பதூதா, அங்கே மீனை அவித்துப் புகையூட்டிப் பிறநாடுகளுக்கு அனுப்பியதைக் குறித்துள்ளார். இலங்கையில் சம்பலுக்கு மணமூட்டும் மாசியும் அவ்வழி வந்ததே. மீனுக்கு நயம் தருவன புளிப்பும் உறைப்பும் என்பதை இம்மக்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர்.

இனிச் செய்முறையைக் காண்போம். சின்ன வெங்காயம் ஆறு, பச்சை மிளகாய் ஒன்று, இஞ்சி சிறு துண்டு ஆகியவற்றை மெல்லிதாக அரிந்து, சிறிதளவு உப்பும் ஒரு தேசிக்காயின் சாறும் விட்டுப் பிசறி, ஐந்து நிமிடம் வைத்தல் வேண்டும். வெங்காயத்தின் காரம் இதனால் தணியும். சுமார் 150 கிராம் மீனை நீர் வடியப் பிழிந்து, உதிர்த்துச் சேர்க்கலாம்; நீர் நின்றால் சலாது சளசளத்துப்போகும். பின்னர், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலையும் பொடியாக அரிந்த ஒரு பிடி வல்லாரையையும் கலந்து, உடனே பரிமாறுதல் நன்று. வல்லாரையை முன்னரே சேர்த்தால் வாடிவிடும். சீன, ஜப்பானியச் சுவையை விரும்புவோர், தேங்காயை விடுத்து, ஒரு தேக்கரண்டி சோயாச் சாறும் சில துளி நல்லெண்ணெயும் விடலாம். அப்போது உப்பைக் குறைத்தல் வேண்டும். பத்து நிமிடத்திற்குள் பணி முடிந்துவிடும். பாணுக்கும் சோற்றுக்கும் இது பொருந்தும்.

ஆயினும், விரைவு கருதி விழிப்பைக் கைவிடலாகாது. புடைத்த தகரத்தையும் கசியும் தகரத்தையும் சுவைத்துப் பார்க்காமலே எறிந்துவிடுதல் வேண்டும். திறந்தபின் எஞ்சியதை மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் நலம். புதிய சூரை வாங்குவோர்க்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பனிக்கட்டியின்றிக் கிடந்த சூரையில், கிருமிகளின் செயலால் ‘இஸ்டமின்’ என்னும் பொருள் மிகும். முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு முதலியன அதனால் தோன்றும். அவித்தாலும் பொரித்தாலும் அப்பொருள் அழிவதில்லை. தேசிக்காய்ச் சாறும் அதனை நீக்காது. ஆகவே, கடற்கரையிலிருந்து மலைநாடு வரை பனிக்கட்டியில் வந்த மீனையே தேர்ந்து வாங்குதல் வேண்டும்.

தூய மீன், தோட்டத்துக் கீரை, ஒரு தேசிக்காய் ஆகிய மூன்றும் இருக்குமாயின், மயோனெய்ஸ் இல்லையே என்னும் குறை குண்டசாலை அடுக்களையில் எவர்க்கும் தோன்றாது.