மடிக்கணினியின் மூச்சுவழி



மாத்தளை நகருக்கு வடக்கே ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தொலைவில் அலுவிகாரை இருக்கின்றது. பௌத்தரின் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது அங்கேதான் என்பது மரபு. ஏட்டை எழுதிவிட்டால் மட்டும் போதாது; தூசி தட்டி, எண்ணெய் பூசிப் பேணவும் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்று நம் பிள்ளைகளுக்கு மடிக்கணினியே ஏடு. அதனைப் பேணும் முறையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று வாழ்கின்றது. சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கென அவர்கள் ஒரு மடிக்கணினி வாங்கினர். பரீட்சை நெருங்கும் வேளையில் அது சூடேறித் தானே அணையத் தொடங்கிற்று. "இனி இது உதவாது, புதிது வாங்குங்கள்" என்றார் ஒரு கடைக்காரர். பின்னர் வேறொருவர் திறந்து பார்த்தார். விறகடுப்பின் கரியும் துணியிழையும் சேர்ந்து காற்றுவழியிலே கம்பளிபோற் படிந்திருந்தன. குற்றம் அவ்வளவுதான்!

கணினியின் செயலி வேலை செய்யும்போது வெப்பம் உண்டாகின்றது. அவ்வெப்பத்தைச் செப்புக்குழாய் ஒன்று மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கொண்டு செல்ல, சிறு விசிறி அதனை வெளியே தள்ளுகின்றது. தகடுகளின் இடைவெளியைத் தூசி அடைத்தால் வெப்பம் போக வழி ஏது? சூடு 100 பாகை செல்சியசை அண்மும்போது பல செயலிகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் ஏறினால் கணினி அணைந்துவிடும்.

இனித் துப்புரவு செய்யும் முறையைக் கூறுகின்றேன். முதலிற் கணினியை முற்றாக நிறுத்துங்கள். உறக்கநிலையில் விடுதல் போதாது. மின்னேற்றியைக் கழற்றுங்கள், மின்கலம் கழலக்கூடியதாயின் அதனையும் கழற்றுங்கள். மின்கலம் வீங்கியிருக்கக் கண்டால் அதன்மேற் கைவையாது, தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அழுத்தக் காற்றுக் குப்பியை நிமிர்த்திப் பிடித்து, விட்டுவிட்டுச் சிறுசிறு வீச்சாகக் காற்றைச் செலுத்துங்கள். குப்பியைச் சரித்தால் திரவம் பீறிடும். அவ்வேளை விசிறி சுழலலாகாது. எட்டுமாயின் பல்குத்தும் குச்சியால் அதனை மெல்லத் தடுத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுழன்றால் அதன் அச்சு கெடும். சுழலும் மோட்டார் மின்னைப் பிறப்பித்துச் சுற்றையும் தாக்கக்கூடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உட்செல்லும். வீட்டுத் தூசி உறிஞ்சியும் வேண்டாம். அதில் உண்டாகும் நிலைமின் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்கக்கூடும்.

இவ்வளவில் தூசி போகாவிடின், அடிமூடியைத் திறத்தல் வேண்டும். உத்தரவாதக் காலம் முடியவில்லையெனில் அதன் நிபந்தனையை முதலிற் பாருங்கள். திறந்ததும் மின்கல இணைப்பை விலக்குங்கள். பின்னர் உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை எடுங்கள். செப்புக்குழாயை மட்டும் கழற்றாதீர்கள். அதன் அடியிலுள்ள வெப்பப்பசை குலைந்தால் புதிதாகப் பூசவேண்டி வரும்.

தம்புள்ளைப் பக்கம் ஆடிக்காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். தோட்ட வீடுகளிலோ அடுப்புப் புகை. ஆதலின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் காற்றுவழியைப் பாருங்கள். கணினியை மெத்தையிலும் தலையணையிலும் வையாது, பலகைமீது வையுங்கள்.

அந்த மகள் அதே கணினியில்தான் படித்துப் பரீட்சை எழுதினாள். புதிது வாங்கக் கடன்பட நினைத்த தந்தைக்கு, அரைமணி நேரத் துப்புரவு அந்தக் கடனைத் தவிர்த்தது. தூசி சிறிதுதான், அதனைக் கவனியாது விட்டால் வரும் இழப்போ பெரிது.