தொழுநோய்: சாபமா, நரம்பின் சேதமா?

(திரேஸ்புரத்தில் பேசியதன் சாரம்)



தொழுநோய் என்றதும் நம் மக்கள் கேட்பது, "போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தானோ?" என்பதாகும். நாம் கேட்க வேண்டியதோ, "இவன் கையில் உணர்ச்சி இருக்கிறதா?" என்பதே. முன்னதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. பின்னதற்குச் சில நிமிஷத்தில் பதில் கண்டு, ஒருவன் கையையே காப்பாற்றி விடலாம்.

இந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் 1873-லேயே கண்டு சொல்லிவிட்டார். அது தோலையும் நரம்பையும் பற்றுகிறது. விரல் தானாக அழுகி விழுகிறது என்பது தவறு. நரம்பு கெட்டு வலி தெரியாமற் போவதால், சூடும் வெட்டும் பட்டு, கவனிப்பாரற்ற புண்ணால் விரல் பாழாகிறது என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் ஆராய்ந்து விளக்கினார். நாம் கொதிக்கும் சட்டியிலிருந்து கையை எடுப்பது யாரால்? வலியால்தானே!

நரம்பு கெடுவதை எப்படி அறிவது? முழங்கையின் உட்புறம், முழங்காலின் வெளிப்புறம், கணுக்காலின் உட்புறம், காதுக்குக் கீழே கழுத்து ஆகிய இடங்களில் வைத்தியர் தடவிப் பார்ப்பார்; கெடும் நரம்பு கயிறு போல் தடித்திருக்கலாம், தொட்டால் நோகலாம். பிறகு கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையாலோ பேனா முனையாலோ மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுவார். கடைசியாகப் பலம்: கண்ணை இறுக மூட முடிகிறதா, சுண்டுவிரலை விரித்து எதிர்த்து நிறுத்த முடிகிறதா, பாதத்தை மேலே தூக்க முடிகிறதா என்று பார்ப்பார். இவற்றைக் குறித்து வைத்து, அடுத்த முறை ஒப்பிட வேண்டும். ஏனெனில் வலியே இல்லாமல் கெடுகிற நரம்பும் உண்டு.

இவ்வூரில் வலைக்கயிறு இழுக்கிற கையும், சங்கு குளிக்கிற கையும், உப்பளத்தில் நிற்கிற காலும் காய்ப்பேறியவை. "வேலை செய்து மரத்துப் போயிற்று" என்று சும்மா இருந்துவிடுவது எளிது. அங்கேதான் ஆபத்து இருக்கிறது. உணர்ச்சியற்ற தேமல் ஒன்றிருந்தால் மறைக்காமல் காட்டுங்கள்.

1981-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்து கிருமியைக் கொல்லுகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் அது செத்த நரம்பை எழுப்பாது. நரம்பு கெட ஆரம்பித்து ஆறு மாதத்துக்குள் வந்தால், பிரெட்னிசோலோன் மருந்தால் பலருக்கு உணர்ச்சியும் பலமும் திரும்பக் கூடும். பின்னால் வந்தால் அந்த நம்பிக்கை குறைவு.

அப்படியிருந்தும் ஏன் மறைக்கிறார்கள்? நம்முடைய வாய்க்குப் பயந்துதான்! 1898-ஆம் வருஷத்துத் தொழுநோயர் சட்டம் 2016-ல் ரத்தாயிற்று. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக்கிய விதிகளும் 2019-ல் நீக்கப்பட்டன. சட்டம் விட்ட இழிவை நாம் வீட்டில் வைத்திருக்கலாமா? கலியாணம் கெடும் என்று ஒரு பெண் தேமலை மறைத்தால், அவள் கை முடங்கியதற்குக் கிருமி பாதி, நாம் பாதி பொறுப்பாளிகளல்லவா?

ஆகையால் தோழர்களே! பாவக்கணக்கை விட்டுவிட்டு, மாதக்கணக்கைப் பாருங்கள். ஆறு மாதம் என்பதை மறவாதீர்கள்.