தீர்மானம் போடும் முன் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. கார் நிறுத்துமிடத்தில் பந்து விளையாடக் கூடாது. 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இரவு 7 மணிக்கு மேல் தோட்டத்து பெஞ்சிலோ படிக்கட்டிலோ கூட்டமாக உட்காரக் கூடாது. மீறினால் அந்த வீட்டின் பராமரிப்புத் தொகையோடு 500 ரூபாய் சேர்த்து வசூலிக்கப்படும். இதுதான் தீர்மானம். இதைக் கொண்டு வந்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. கார் கண்ணாடி உடைந்தது உண்மை. நடைப்பயிற்சிக்கு வந்த வயதானவர் மேல் பந்து பட்டதும் உண்மை. ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். ஆனால், யாருக்காக விதி போடுகிறோமோ அவர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போட்டால் அந்த விதி நிற்கும். அதற்காகத்தான் இந்த இருபது நிமிடம்.

நான் படித்தது பி.காம். மனநல மருத்துவரோ ஆசிரியரோ அல்ல. குழந்தை வளர்ச்சி பற்றி முதலாண்டு மாணவர்கள் படிக்கும் பாடங்களிலிருந்து, நம் குடியிருப்புக்குத் தேவையான நான்கைந்து செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் செய்தி: குழந்தை என்பது சிறிய அளவில் செய்த பெரியவர் அல்ல. சுவிட்சர்லாந்தில் ஜான் பியாஜே என்றொருவர் இருந்தார். தன் மூன்று பிள்ளைகளையும் உட்கார்ந்து கவனித்தே பல விஷயங்களைக் கண்டறிந்தவர். அவருடைய சோதனை ஒன்றை இன்றைக்கே உங்கள் அடுக்களையில் செய்து பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு டம்ளரில் சம அளவு தண்ணீர் ஊற்றி, நாலு வயதுப் பேத்தியிடம் காட்டுங்கள். 'ரெண்டும் ஒண்ணுதான்' என்பாள். அவள் கண் முன்னாலேயே ஒன்றை மட்டும் ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றுங்கள். இப்போது கேட்டால், 'உயரமா இருக்கிறதுலதான் நிறைய' என்பாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் தெரிகிறது. ஏழு வயதை ஒட்டி, நீங்கள் பாடம் எடுக்காமலே, சரியான பதில் தானாக வந்துவிடும்.

அதேபோல் சின்னக் குழந்தைகளுக்கு, தான் பார்ப்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு இருக்கும். பியாஜே சொன்ன வயதுகளுக்குச் சற்று முன்பே குழந்தைகளுக்கு விவரம் வருகிறது என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் படிப்படியாகத்தான் வருகிறது என்பது மாறவில்லை. மதியம் இரண்டு மணிக்கு ஐந்து வயதுப் பையன் வராந்தாவில் கத்திக்கொண்டு ஓடினால், நீங்கள் கண்ணயர்ந்திருப்பது அவன் கணக்கிலேயே இல்லை. அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினால் அவனுக்குப் போய்ச் சேராது. 'தாத்தா தூங்குறாங்க, கீழே போய் விளையாடு' என்று ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது, பற்று. இங்கிலாந்தின் ஜான் போல்பியும், அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த்தும் எழுதியது. குழந்தைக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் மேல் உறுதியான நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை இருந்தால்தான் அது தைரியமாக விலகிப் போய் உலகத்தைப் பார்க்கும். நம் தோட்டத்தில் கவனியுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை நாலடி ஓடும், திரும்பி அம்மா இருக்கிறாளா என்று பார்க்கும், மறுபடி ஓடும். அம்மா இருக்கிறாள் என்ற தெம்பில்தான் அந்த ஓட்டம். ஆகவே 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினாங்க', 'உங்கம்மா போயிட்டா, எங்க வீட்டுக்கு வந்துடு' என்று விளையாட்டாகச் சொல்கிறோமே, அதை விட்டுவிடலாம். நமக்கு அது கேலி. அந்த வயதுக்கு அது செய்தி.

மூன்றாவது, ஒப்பிடுதல். லிஃப்டில் ஏறினால் போதும், 'இன்னும் நடக்கலையா? எங்க பேரன் பத்து மாசத்துலயே நடந்துட்டான்' என்று ஆரம்பித்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆரோக்கியமான குழந்தை தானாக நடக்கத் தொடங்கும் வயது சுமார் 8 மாதத்திலிருந்து 18 மாதம் வரை விரிந்து கிடக்கிறது. பூப்பெய்துவதற்கான மாற்றங்களும் அப்படித்தான். பெண் குழந்தைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். அந்த எல்லைக்கு வெளியே போனால் மருத்துவர் பார்க்கட்டும். உள்ளே இருக்கும்வரை நம் கருத்து தேவையில்லை. பதிமூன்று வயதுப் பெண்ணிடம் 'என்னம்மா, இப்படிக் குண்டாயிட்டே' என்று சொன்னால், அதை நீங்கள் மாடி ஏறுவதற்குள் மறந்துவிடுவீர்கள். அவள் மறக்கமாட்டாள்.

நான்காவது, பிள்ளைகள் யாரிடம் கற்கிறார்கள் என்பது. லெவ் வைகாட்ஸ்கி என்று ஒரு ரஷ்ய அறிஞர், 1934இல் 37 வயதிலேயே காசநோயால் இறந்து போனவர். அவர் சொன்னது இது: ஒரு குழந்தையால் தனியாகச் செய்ய முடிந்தது ஒன்று, சற்றுத் தெரிந்தவர் கூட இருந்தால் செய்ய முடிவது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறோம் இல்லையா, அந்த இடம். கூட இருப்பவர் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் கார் நிறுத்துமிடத்தில் பதினாலு வயதுப் பையன், ஏழு வயதுப் பையனை அம்பயராக நிறுத்தி, 'இது வைடு, கையை இப்படி நீட்டு' என்று சொல்லிக் கொடுக்கிறான். பள்ளியில் ஒரே வயதுப் பிள்ளைகள்தான் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். வயது கலந்து பழக அவர்களுக்கு நம் வளாகம்தான் இடம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது நன்றாக உடல் அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் போக அந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு வேறு மைதானம் கிடையாது.

இப்போது வளரிளம் பருவத்துக்கு வருகிறேன். தீர்மானமே அவர்களைப் பற்றியதுதானே. 10 முதல் 19 வயது வரை இந்தப் பருவம் என்று கணக்கு. ஆறு வயதிலேயே மூளை, பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஆனால் அளவு வேறு, பக்குவம் வேறு. திட்டமிடுவதற்கும் யோசித்து நிறுத்திக்கொள்வதற்கும் உதவும் நெற்றிப் பக்கத்து மூளைப்பகுதி இருபது வயதைத் தாண்டியும் பக்குவப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பரபரப்பையும் பாராட்டையும் நாடும் பகுதியோ முன்கூட்டியே விழித்துக்கொள்கிறது.

2005இல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 306 பேருக்குக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்பதுதான் சோதனை. சிலர் தனியாக ஆடினார்கள். சிலரை அவர்கள் வயதுக்காரர்கள் பக்கத்தில் இருக்க ஆட வைத்தார்கள். பக்கத்தில் ஆள் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, தீர்மானம் கொண்டு வந்தவர்களின் கவலை நியாயமானது. கூட்டமாக இருக்கும்போது இந்தப் பிள்ளைகள் செய்யக் கூடாததைச் செய்ய வாய்ப்பு அதிகம். ஆகவே மொட்டை மாடிக் கதவைப் பூட்டி வைப்பதற்கும், கார் இறங்கும் சரிவில் சைக்கிள் பந்தயத்தைத் தடுப்பதற்கும் என் முழு ஆதரவு உண்டு. இரண்டாவது பாடம், கூட்டத்தையே கலைத்துவிட்டால் பிரச்சினை தீராது. 'நான் யார், எந்த இடம் என்னுடையது' என்ற கேள்வியைத்தான் இந்த வயதின் முக்கிய வேலையாக எரிக் எரிக்சன் சொன்னார். அந்தக் கேள்விக்குப் பதில் வீட்டுக்குள் மட்டும் கிடைக்காது, சக வயதுக்காரர்களிடமும் தேட வேண்டும். தோட்டத்து பெஞ்சில் உட்கார விடாவிட்டால் தேடல் நிற்காது. பிரதான சாலைக்கோ, கதவைச் சாத்திக்கொண்டு செல்போனுக்கோ போய்விடும். பெஞ்சு நம் ஜன்னலிலிருந்து தெரிகிறது. எனக்கு அது பெரிய வசதியாகப் படுகிறது.

பிள்ளைகள் ராத்திரி சீக்கிரம் தூங்குவதில்லை என்ற புகாரும் வந்தது. உடலுக்குத் தூக்க நேரத்தைச் சொல்லும் மெலடோனின் என்ற சுரப்பு, இந்தப் பருவத்தில் தாமதமாகவே ஏறுகிறது. தேவையோ 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். காலையில் பள்ளி வேனுக்கு அவர்கள் தூங்கி வழிந்துகொண்டு நிற்பதற்குச் சோம்பேறித்தனம் மட்டுமே காரணம் அல்ல. செல்போன் அதை இன்னும் மோசமாக்குகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக நம்பிக்கை. வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இந்தச் சோதனை உடனே புரிந்தது. 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவிடமும், 'கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன்' என்றார்கள். ஒரு குழுவுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார்கள். இன்னொரு குழுவிடம் 'இல்லை' என்று கை விரித்தார்கள். பிறகு எல்லோர் முன்னாலும் ஒரு மிட்டாய். 'தொடாமல் காத்திருந்தால் இரண்டு' என்று சொல்லிவிட்டு 15 நிமிடம் வரை விட்டுப் பார்த்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் கடைசிவரை காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேரில் ஒரே ஒரு குழந்தைதான் காத்திருந்தது. பொறுமை என்பது குழந்தையின் குணம் மட்டுமல்ல. பெரியவர்கள் சொன்ன சொல்லுக்கு இருக்கும் மதிப்பும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஷட்டில் கோர்ட்டுக்குக் கோடு போட்டுத் தருகிறோம் என்று நம் சங்கம் பிள்ளைகளுக்குச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் போடவில்லை. இந்த நிலையில் அபராத நோட்டீஸ் மட்டும் சரியான தேதியில் போனால், நம் சொல்லுக்கு அவர்கள் என்ன மதிப்புக் கொடுப்பார்கள்?

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையாரின் குழு பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வறுமை, குடும்பச் சச்சரவு என்று பல சுமைகளோடு பிறந்த பிள்ளைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், திறமையும் அக்கறையும் உள்ள பெரியவராக வளர்ந்திருந்தார். அப்படி வளர்ந்தவர்களிடம் கண்ட பொதுவான விஷயங்களில் ஒன்று, அவர்கள் மேல் நிலையான அக்கறை காட்டிய ஒரு பெரியவர். பெற்றோராக இல்லாவிட்டாலும் பாட்டி, அத்தை, ஆசிரியர், அண்டை வீட்டுக்காரர் என்று யாராவது ஒருவர்.

அண்டை வீட்டுக்காரர் என்றால் நாம்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மார்க் கேட்காமல் இரண்டு நிமிடம் பேசுங்கள். அதே சமயம் எச்சரிக்கையும் வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு பழகுவது பொது இடத்தில், பெற்றோருக்குத் தெரிந்து இருக்கட்டும். கலகலப்பாக இருந்த பிள்ளை வாரக்கணக்கில் ஒதுங்கியிருந்தாலோ, சாப்பாடும் தூக்கமும் மாறினாலோ பெற்றோரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லா எண்கள். செக்யூரிட்டி அறையில் எழுதி ஒட்டச் சொல்லிச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தீர்மானத்துக்கு நான் கொடுத்திருக்கும் திருத்தம் இதுதான். மாலை 5 முதல் 7 வரை டி பிளாக் பக்கத்து நிறுத்துமிடத்தில், வண்டிகளை ஒதுக்கி நிறுத்திவிட்டு, ரப்பர் பந்தில் விளையாடலாம். தோட்டத்து பெஞ்சு இரவு 9 மணி வரை எல்லோருக்கும் பொது. படிக்கட்டு மட்டும் நடப்பதற்கு. கண்ணாடி உடைந்தால் அபராதம் வேண்டாம். உடைத்தவர்களும் கார்காரரும் சங்கமும் உட்கார்ந்து பேசிச் செலவைப் பகிர்ந்துகொள்ளட்டும். ஷட்டில் கோடு அடுத்த பொதுக்குழுவுக்கு முன் போட்டாக வேண்டும். விதிகளை எழுதும்போது 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் இரண்டு பேரைக் கூட உட்கார வையுங்கள். தானும் சேர்ந்து எழுதிய விதியை மீற அந்த வயதுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

பொதுக்குழுவில் வாக்கு நம் கையில். பாதிக்கப்படப் போகிற பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை. வீட்டுக்குப் போய் உங்கள் பிள்ளைகளிடமும் பேரப் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து வாக்களியுங்கள்.