தளத்துக்குள்ளே பந்து

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகும் சாலையில் காலை வேளையில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். முன்னால் ஜல்லி லாரி, பின்னால் எம்-சாண்ட் லாரி, இரண்டுக்கும் நடுவே உருளையைச் சுற்றிக்கொண்டே வரும் ரெடிமிக்ஸ் வண்டி. இந்தப் பகுதியில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய காலத்தில் கட்டடம் என்றால் பெரும்பாலும் இரும்புத் தூணும் தகரக் கூரையும்தான். இப்போது அப்படி இல்லை. வேலைக்கு வருகிறவர்கள் தங்க வேண்டும், அலுவலகங்கள் வேண்டும், வண்டி நிறுத்த மாடி மாடியாக இடம் வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். மாடி ஏற ஏறத் தளங்கள் கூடும். தளத்தோடு சேர்ந்து எடையும் கூடும். அந்த எடையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கையில் காகிதம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பியோடு சேர்ந்த கான்கிரீட், ஒரு கன மீட்டருக்கு 2,500 கிலோ. நம் வீட்டு மேல்தளம் 12 செ.மீ. தடிமன் என்று வையுங்கள். அப்படியானால் ஒரு சதுர மீட்டர் தளம் 300 கிலோ. அதன்மேல் நாம், நம் கட்டில், பீரோ எல்லாம் சேர்த்து எவ்வளவு பாரம் வரும் என்று கணக்கிட வேண்டும்? வீட்டுக்கும் விடுதி அறைக்கும் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்கிறது இந்தியத் தர நிர்ணய விதி. அதாவது அந்தத் தளம் நம்மைத் தாங்குவதைவிட அதிகமாகத் தன்னைத்தானே தாங்கிக்கொண்டிருக்கிறது!

பெரிய கட்டடங்களில் நிலைமை இன்னும் மோசம். தூண்களைத் தள்ளித் தள்ளி வைத்து, குறுக்கே பீம் இல்லாமல் தட்டையாகத் தளம் போட்டால் தடிமன் 34 செ.மீ. வரைகூடப் போகும். சதுர மீட்டருக்கு 850 கிலோ. அலுவலகத்தில் அதன்மேல் ஏறும் பாரமோ 250 முதல் 400 கிலோதான். தளத்தின் சொந்த எடைக்காகக் கம்பி கூடுகிறது. தூண் பருக்கிறது. அடியில் களிமண் இருந்தால் அஸ்திவாரமும் ஆழமாகப் போகிறது.

சரி, அந்த 34 செ.மீ. கான்கிரீட் முழுவதும் வேலை செய்கிறதா? இல்லை. பாரம் ஏறும்போது தளம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீழே வளைகிறது. வளையும்போது மேல்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். நசுங்கலைக் கான்கிரீட் தாங்கும். இழுப்பைக் கம்பி தாங்கும். கான்கிரீட் இழுப்பைத் தாங்கும் என்று நம் ஐ.எஸ். 456 விதி கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நடுவில் இருக்கும் கான்கிரீட்டுக்கு இரண்டே வேலைதான். மேலடுக்கையும் கீழடுக்கையும் விலக்கிப் பிடித்திருப்பது ஒன்று, வெட்டு விசையைக் கடத்துவது இன்னொன்று. அந்த இரண்டுக்கும் அவ்வளவு கான்கிரீட் தேவையில்லை.

தேவையில்லாத இடத்தில் வெற்றிடம் வைக்கலாம் என்பது பழைய யோசனை. இத்தாலியில் ரவென்னா நகரத்தில் 6ஆம் நூற்றாண்டில் கட்டிய சான் விட்டாலே தேவாலயத்தின் குவிமாடம், உள்ளே பொள்ளலான சுடுமண் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கட்டியது. நம் நாட்டிலும் பொள்ளலான சுடுமண் கட்டிகளை வைத்துத் தளம் போட ஐ.எஸ். 6061 என்று தனி விதியே இருக்கிறது. 1990களில் டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் யோர்கன் பிரோயினிங் இதைப் பிளாஸ்டிக் பந்துக்குக் கொண்டுவந்தார். கீழே ஒரு கம்பி வலை, மேலே ஒரு கம்பி வலை, நடுவே வரிசையாகப் பொள்ளலான பந்துகள். சுற்றிலும் கான்கிரீட். நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரத்து மில்லேனியம் டவர் இந்த முறையில் எழுந்த பெரிய கட்டடம்.

லாபம் எவ்வளவு? மறுபடியும் காகிதத்தை எடுங்கள். 27 செ.மீ. விட்டமுள்ள பந்து ஒன்றின் கொள்ளளவு 10.3 லிட்டர். அந்த இடத்தில் கான்கிரீட் இருந்தால் அது 26 கிலோ. பந்தின் எடை ஒரு கிலோகூட வராது. 30 செ.மீ.க்கு ஒன்றாக அடுக்கினால் சதுர மீட்டருக்கு 11 பந்து, குறையும் எடை ஏறக்குறைய 285 கிலோ. 850 கிலோ தளம் 565 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் பாதியை இதற்கே எடுத்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் ஒரு யார்டில் மாதிரித் தளம் ஒன்று போட்டுப் பார்த்தோம். ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர். வரிசைக்கு ஐந்து வீதம் 25 பந்துகள். சென்ட்ரிங் அடித்து, பிளைவுட் விரித்து, கவர் பிளாக் வைத்து, கீழ்க் கம்பி கட்டி, பந்தை அடுக்கி, மேல் கம்பியும் கட்டியாயிற்று. ரெடிமிக்ஸ் வண்டி வரும் நேரம். எங்கள் மேஸ்திரி, அறுபதைத் தாண்டியவர், சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு பந்தின்மேல் கையை வைத்து அமுக்கினார். பிறகு என்னிடம் வந்து, “சார், இது ஏரியில குடத்தக் கவுத்து அமுக்குற மாதிரி. கைய எடுத்தா மேல வந்துடும்” என்றார்.

எவ்வளவு சரியான பேச்சு பாருங்கள்! ஈரக் கான்கிரீட்டும் திரவம்தான். வைப்ரேட்டர் ஊசி உள்ளே இறங்கிவிட்டால் சந்தேகமே வேண்டாம், குழம்பாகிவிடும். தண்ணீருக்குள் 10 லிட்டர் பந்தை அமுக்கினால் 10 கிலோ விசையோடு மேலே தள்ளும். கான்கிரீட் தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் அதே பந்தை ஏறக்குறைய 24 கிலோ விசையோடு தள்ளும். 25 பந்துக்கும் சேர்த்தால் 600 கிலோ. அந்தச் சின்னத் தளத்துக்குள் மொத்தக் கம்பி அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. ஒரே மூச்சில் நிரப்பியிருந்தால் பந்து, கம்பி எல்லாம் ஒரு கட்டாக மேலே எழும்பியிருக்கும். கீழ்க் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் தளம் வழவழவென்று அழகாகத்தான் தெரியும், ஆபத்து உள்ளே இருக்கும்.

அதனால்தான் இந்த முறையில் கான்கிரீட்டை இரண்டு தவணையாகப் போடுகிறோம். முதலில் 7 செ.மீ. மட்டும். கீழ் வலை மூழ்கி, பந்தின் அடிப்பாகம் சற்றே நனைய வேண்டும், அவ்வளவுதான். அது இறுகத் தொடங்கியதும் கீழ் வலையைப் பற்றிக்கொள்ளும். கீழ் வலையும் மேல் வலையும் குறுக்குக் கம்பிகளால் கட்டுண்டிருப்பதால் பந்துகள் தப்ப வழியில்லை. பிறகு மிச்சத்தை நிரப்பலாம். மேஸ்திரி அதோடு விடவில்லை. பிளைவுட்டில் துளை போட்டு நாலு மூலையிலும் கம்பிக் கூட்டைக் கீழே உள்ள சட்டத்தோடு இழுத்துக் கட்டச் சொன்னார். கட்டினோம்.

முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் எவ்வளவு நேரம் விட வேண்டும்? சீக்கிரம் ஊற்றினால் பந்து எழும்பும். தாமதமாக ஊற்றினால் முதல் அடுக்கு காய்ந்து, இரண்டும் தனித்தனிப் பலகையாக நிற்கும். காஞ்சிபுரம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் இந்த இடைவெளி மிகவும் குறுகிப் போகும். கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது. மேஸ்திரி ஒரு கம்பி முனையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணிக்கு ஒருதரம் குத்திப் பார்த்தார். முனை இறங்க வேண்டும், ஆனால் பந்தை அசைத்தால் அசையக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் கையைக் காட்டினார்.

ஜல்லியிலும் கவனம் வேண்டும். 27 செ.மீ. பந்தை 30 செ.மீ.க்கு ஒன்றாக வைத்தால் பக்கத்துப் பந்துக்கும் அதற்கும் இடைவெளி வெறும் 3 செ.மீ. வழக்கமான முக்கால் ஜல்லி அங்கே சிக்கிக்கொள்ளும். அரை ஜல்லிதான் சரி. வைப்ரேட்டர் ஊசியை வரிசையின் நடுவே திணிக்கக் கூடாது, நான்கு பந்துகள் கூடும் மூலையில் 15 செ.மீ. வழி கிடைக்கும், அங்கே இறக்க வேண்டும். பம்பு ஆளிடமும் ஊசி பிடிக்கிறவரிடமும் இதைக் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். ஊற்றத் தொடங்கிய பிறகு யார் காதிலும் எதுவும் விழாது.

28 நாள் தண்ணீர் கட்டி, அந்தத் தளத்தை அறுத்துப் பார்த்தோம். ஒரே மட்டத்தில் வட்டம் வட்டமாக ஐந்து வெற்றிடங்கள். மேலேயும் கீழேயும் கம்பி, வைத்த இடத்திலேயே. தேன்கூடுபோலச் சிறு ஓட்டைகள் எங்கும் இல்லை. இரண்டு தவணைக்கும் நடுவே கோடு தெரிகிறதா என்று மேஸ்திரி ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தெரியவில்லை.

அந்தக் கோட்டைப் பற்றி அவர் ஏன் அவ்வளவு கவலைப்பட்டார் என்பதற்கு நெதர்லாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது, நேயர்களே. 2017 மே 27ஆம் தேதி ஐந்தோவன் விமான நிலையத்தில் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த வாகன நிறுத்த மாடி ஒன்றின் பகுதி இடிந்து விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அதுவும் பந்துத் தளம்தான். அடிப்பலகையைத் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து அடுக்கி, மேலே கான்கிரீட் ஊற்றியிருந்தார்கள். பந்தின்மேல் பழி இல்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள மூட்டில், வழவழப்பான பழைய பரப்போடு புதுக் கான்கிரீட் போதுமான அளவு ஒட்டவில்லை. பலகைகளைத் திசை திருப்பி வைத்ததால் அந்த மூட்டுகள் அதிக விசை வரும் இடத்தில் போய் நின்றன. அன்றைய கடும் வெயிலும் சேர்ந்துகொண்டது. அதன்பிறகு அந்த நாட்டில் இதே மாதிரித் தளம் உள்ள கட்டடங்களையெல்லாம் சோதிக்கச் சொன்னார்கள். பழைய பரப்பின்மேல் புதுக் கான்கிரீட் போடும் எந்தப் பொறியாளரும் இந்த நிகழ்ச்சியைப் படித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு எச்சரிக்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூணைச் சுற்றியுள்ள பகுதியில் பந்து வைக்கக் கூடாது. பந்துத் தளத்தின் வெட்டுத் தாங்குதிறன் முழுத் தளத்தில் சுமார் 60 சதவீதம்தான். தூணோ தளத்தைத் துளைத்துக்கொண்டு வரப் பார்க்கும். அங்கே முழுக் கான்கிரீட்தான் வேண்டும். அப்படிக் கால்பங்கு இடத்தை விட்டுவிட்டாலும், ஆயிரம் சதுர மீட்டர் தளம் ஒன்றுக்கு 86 கன மீட்டர் கான்கிரீட் மிச்சம். ரெடிமிக்ஸ் வண்டிக் கணக்கில் 14 வண்டி! அத்தனை ஜல்லியை மலையில் உடைக்க வேண்டாம், அத்தனை சிமெண்ட் சுட வேண்டாம். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு மணல் போன கதையை நாம் பார்த்திருக்கிறோம், இதன் அருமையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“எங்கள் வீட்டுக்கும் பந்து வைக்கலாமா?” என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். 12 செ.மீ. தளத்தில் பந்துக்கு இடமில்லை, குறைந்தது 23 செ.மீ. தடிமனாவது வேண்டும். வீட்டுக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தன் கட்டடங்களில் பரவலாகக் கையாண்டது. கம்பிக் கட்டங்களுக்கு நடுவே, தளத்தின் கீழ்ப்பாதியில், மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டு மேலே கான்கிரீட் போடுவது. திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் அவர் கட்டியதுதான், போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். ஓட்டுக்குப் பதில் மண்சட்டியைக் கவிழ்த்தும் வைக்கலாம். கான்கிரீட் குறையும், உள்ளே அடைபட்ட காற்றால் வெயிலும் சற்றுக் குறைவாக இறங்கும். கம்பி இடைவெளியை மட்டும் பொறியாளர் கணக்கிட்டுத் தர வேண்டும், கண்ணளவில் செய்யக் கூடாது.

தீ, ஒலி, செலவு பற்றியெல்லாம் சொல்ல நினைத்தேன். நேரம் முடியப் போகிறது என்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் பட்டறைகள் நம் பகுதியில் இருக்கின்றன, பந்து வார்ப்பது அவர்களுக்குக் கடினமில்லை. இங்கே அடுத்து எழப்போகும் விடுதியையும் அலுவலகத்தையும் வரைகிற பொறியாளர்கள், வரைபடம் போடும் நாளிலேயே இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பாலிடெக்னிக் மாணவர்களே, உங்கள் கல்லூரி வளாகத்தில் ஒன்றரை மீட்டரில் ஒரு தளம் போட்டு, அறுத்துப் பாருங்கள். அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவரைத் தவறாமல் கூட வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் ஊற்றும் முன்பு அவர் சொல்வதைக் கேளுங்கள்.