தராசு சரியா இருந்தா மனசும் சரியா இருக்கும்

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். தெரிஞ்சதைச் சொல்றேன்.

எங்க குழு சாம்பார் பொடி போடுது. ஆரம்பத்தில் 400 ரூபாய்க்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வந்தது. மலிவா கிடைச்சதேன்னு எல்லாருக்கும் சந்தோஷம். மில்லில் முத்திரை போட்ட தராசில் எடை போட்டு 20 கிலோ தூள் கொண்டுவருவோம். 200 கிராம் பாக்கெட் 100 வரணும். ஆனா ஒவ்வொரு தடவையும் 97தான் வந்தது.

மூணு பாக்கெட், ஒண்ணு 80 ரூபாய். ஒரு தடவைக்கு 240 ரூபாய் நஷ்டம். ரெண்டு தடவை அரைச்சாலே தராசு விலைக்கு மேல போச்சு. இது கணக்கில் தெரியுற நஷ்டம்.

தெரியாத நஷ்டம் வேற. தூள் எங்க போச்சுன்னு பேச்சு வந்தது. பாக்கெட் போடுற அக்கா ஒருத்தர் மேல சிலர் கண்ணு விழுந்தது. அவங்க வாய் திறக்கலை, கூட்டத்துக்கு வர்றதை நிறுத்திட்டாங்க.

அப்புறம் மளிகைக் கடையிலிருந்து முத்திரை போட்ட 200 கிராம் எடைக்கல்லை வாங்கி வந்து தராசில் வச்சோம். 194ன்னு காட்டுச்சு! அப்படின்னா 200ன்னு நினைச்சு ஒவ்வொரு பாக்கெட்டிலும் 206 கிராம் போட்டிருக்கோம். எல்லாரும் அந்த அக்கா வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்தோம். வந்தாங்க. ஆனா இன்னைக்கும் பக்கத்தில் ரெண்டு பேர் நின்னாத்தான் தூளை அள்ளுறாங்க. இதுக்கு எந்த நோட்டில் கணக்கு எழுதுறது?

இதே தராசு மாத்திக் காட்டியிருந்தா, வாங்குறவங்களுக்கு எடை குறைஞ்சிருக்கும். பாக்கெட்டில் 200 கிராம்னு அச்சடிச்சுட்டுக் குறைவா போட்டா, கெடுறது நம்ம குழு பேரு.

2009ஆம் வருஷத்து எடையளவுச் சட்டப்படி வியாபாரத்துக்கு முத்திரை போட்ட தராசுதான் வைக்கணும். நம்ம மாநிலத்தில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் சரிபார்த்து முத்திரை போடுவார். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒரு தடவை மறுமுத்திரை உண்டு. சரிபார்ப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, எல்லார் கண்ணிலும் படுற மாதிரி மாட்டி வையுங்க.

தினமும் வேலை தொடங்கும் முன்னாடி ஒரு எடைக்கல்லை வச்சுப் பாருங்க. தட்டின் நடுவிலும் நாலு ஓரத்திலும் வையுங்க. எல்லா இடத்திலும் ஒரே எடை காட்டணும். தராசு சமதளத்தில் இருக்கட்டும், ஃபேன் காத்து படவேண்டாம், பேட்டரி இறங்க விடாதீங்க.

நல்ல தராசு விலை கூடத்தான். ஒரு குழுவால முடியலேன்னா, ரெண்டு மூணு குழு சேர்ந்து வாங்கி முறை வச்சுப் பயன்படுத்தலாம். கூட்டமைப்பும் இதுக்குக் கடன் கொடுத்து உதவணும்னு கேட்டுக்கிறேன்.

தூள் குறைஞ்சா முதல்ல தராசைப் பாருங்க. கூட வேலை செய்யுறவங்களைச் சந்தேகப்படாதீங்க.