பழவேற்காட்டுப் பள்ளிவாசலும் மிஹ்ராபும்



பழவேற்காட்டைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் டச்சுக்காரரிடமிருந்தே தொடங்குவர். 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டையும், வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய தூண்கள் நிற்கும் கல்லறைத் தோட்டமும் வருவோர் கண்ணை முதலில் கவர்வது உண்மையே. ஆனால் டச்சுக்காரர் வருமுன்பே, விசயநகரப் பேரரசின் காலத்தில், இது பெரிய துறைமுகம். இங்கு முஸ்லிம் வணிகரின் கலங்கள் மிகுதியாக வந்து நின்றதைப் போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். இங்கிருந்து வண்ணத் துணிகள் மலாக்கா வரை சென்றன. அந்தக் கடலோடி வணிகரின் வழிவந்த சமுதாயம் இன்றும் பெரிய பள்ளிவாசலிலும் சின்னப் பள்ளிவாசலிலும் தொழுது வருகிறது. கோட்டை மண்மேடாகிவிட்டது, தொழுகை நிற்கவில்லை.

அத்தகைய பள்ளியின் உள்ளே, மேற்குச் சுவரின் நடுவில் உள்ள ஒரு மாடமே இன்றைய உரைக்குப் பொருள். அதற்கு மிஹ்ராபு என்று பெயர்.

தமிழ் முஸ்லிம்கள் தம் வழிபாட்டுச் சொற்களுள் பலவற்றைத் தமிழிலேயே அமைத்துக்கொண்டனர் என்பது மொழியன்பர்கள் நன்கறிந்தது. சலாத் தொழுகை ஆயிற்று. சௌம் நோன்பு ஆயிற்று. மஸ்ஜித், முன்பு சமண பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த ‘பள்ளி’ என்னும் சொல்லை ஏற்றது. மிஹ்ராபு மட்டும் அரபாகவே தங்கிவிட்டது. கருவறை என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர் உண்டு. சொல்லாமல் விட்டதே சரி. கருவறையில் ஒன்று இருக்கிறது. மிஹ்ராபில் எதுவும் இல்லை. அது வெற்று மாடம். மக்கா நகரின் கஅபா எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் காட்டுவதே அதன் வேலை.

அரபிலும் இச்சொல்லுக்கு நெடிய வரலாறு உண்டு. இஸ்லாத்திற்கு முன்பு அது அரண்மனையின் உயர்ந்த இடத்தைக் குறித்தது என்பர். ‘ஹர்ப்’ என்னும் போர்ச்சொல்லோடு உறவுபடுத்துவோரும் உளர். திருக்குர்ஆனில் மர்யம் அம்மையார் தங்கியிருந்த அறை மிஹ்ராபு எனப்படுகிறது. அந்த வசனத்தையே பல நாட்டுப் பள்ளிகளில் மாடத்தின் மேல் பொறித்துவைத்தனர். நபிகள் நாயகம் அவர்களின் காலத்தில் மதீனாப் பள்ளியில் இவ்வாறு குடைந்த மாடம் இல்லை. ஹிஜ்ரி 2இல், அதாவது 624இல், தொழும் திசை ஜெரூசலத்திலிருந்து மக்காவிற்கு மாறியது. குடைவான மாடம் வந்தது அதற்கு எண்பது ஆண்டுகளுக்கும் பிறகு, 707-709இல், கலீஃபா வலீத் ஆட்சியில் ஆளுநர் உமர் இப்னு அப்துல் அஸீஸ் அப்பள்ளியைப் புதுப்பித்தபோதுதான். பின்னால் வந்த அறிஞர் சுயூத்தி, மிஹ்ராபு பிற்காலப் புதுமையே என்று தனி நூலே எழுதினார். ஆயினும் மாடம் நிலைத்தது. மக்களுக்கு முதுகு காட்டி நின்று ஓதும் இமாமின் குரலை அந்தக் குடைவு திருப்பி அனுப்பும் என்பதும், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், நிலைத்ததற்கு ஒரு காரணம் எனலாம்.

பழவேற்காட்டில் மிஹ்ராபை நோக்கி நிற்பவருக்குக் கடல் முதுகுப்புறம் இருக்கிறது. வங்கக் கடலை நம்பிப் பிழைக்கும் ஊரில், வாழ்வு தரும் திசை கிழக்கு. தொழும் திசை மேற்கு. நேர்மேற்கும் அன்று. கணக்கிட்டுப் பார்த்தால் இவ்வூரிலிருந்து மக்கா, மேற்கிலிருந்து வடக்கே சுமார் 17 பாகை சாய்ந்து கிடக்கிறது. கச்சான், வாடை என்று காற்றின் பெயராலேயே திசையறியும் கரையில் இந்தச் சாய்வு சிறிதன்று. படகில் இருக்கையில் தொழுகை நேரம் வந்துவிட்டால் மாடமும் இல்லை, சுவரும் இல்லை. படகு திரும்பும்போது தொழுபவரும் இயன்றவரை கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பது சட்டநூலார் கூற்று. ஆக, கடலோடிக்கு மிஹ்ராபு நெஞ்சிலேயே இருந்தாக வேண்டும்.

இந்தச் சாய்வுதான் இன்று ஒரு சிக்கலைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. தமிழகக் கடற்கரையின் பழைய பள்ளிகள் பல, கோயில் கட்டிய கற்றச்சர் மரபிலேயே எழுந்தவை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கல்தூணும் போதிகையும் பூ வேலையுமாக, உருவம் மட்டும் தவிர்த்து, அவை நிற்கின்றன. இடப்பற்றாக்குறையாலும் வசதி கருதியும் இத்தகைய பழைய பள்ளிகள் ஆங்காங்கே இடிக்கப்பட்டுக் கான்கிரீட் கட்டடங்களாக மாறிவருகின்றன. அவ்வேளையில், ‘பழைய மிஹ்ராபு சில பாகை தவறு’ என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து சுவரின் அருகே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்வோரும் இருக்கின்றனர். கான்கிரீட்டுக்குள் கிடக்கும் இரும்புக் கம்பிகள் அந்த முள்ளையே திருப்பிவிடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

மார்க்க அறிஞரிடையே இதில் இருவேறு கருத்து உண்டு. தொலைவில் உள்ளவருக்குக் கஅபா இருக்கும் பொதுத் திசை போதும் என்பது ஹனஃபி வழி. கஅபாவையே குறிவைத்து முயல வேண்டும் என்பது ஷாஃபி வழி. கடற்கரை மரைக்காயர் பெரும்பாலும் இவ்வழியினரே. ஆகவே கணக்கில் கவலை கொள்வது குற்றமன்று. அல்பிரூனி என்னும் பேரறிஞர் கஜினி நகரின் கிப்லாவைக் கணிப்பதற்காகவே 11ஆம் நூற்றாண்டில் புவியளவை நூல் ஒன்று செய்தார். ஆனால் கணக்கைத் திருத்துவது வேறு, சுவரை இடிப்பது வேறு. ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபாப் பெரும் பள்ளியின் மிஹ்ராபு மக்காவின் திசையிலிருந்து மிகவும் விலகியது. 960களில் இரண்டாம் அல்ஹகம் அப்பள்ளியை விரிவாக்கியபோது திசையைத் திருத்த எண்ணினார் என்றும், முன்னோர் தொழுத திசையை மாற்றலாகாது என்ற அறிவுரையை ஏற்று விட்டுவிட்டார் என்றும் செய்தி உண்டு. அவ்வளவு பெரிய விலகலையும் பொறுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் சில பாகை விலகலுக்குத் தீர்வு எளிது: தரையில் வரிசைக் கோடுகளைச் சாய்த்துப் போட்டுவிட்டால் தொழுகை திருந்திவிடும், மாடமும் தப்பிவிடும். இடித்த கல்லை மீண்டும் பொருத்த எந்தச் சட்டநூலிலும் வழி இல்லை.

பழவேற்காட்டுக்கு இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறியும் சூரிய கடிகாரம் ஒன்று இருக்கிறது. நிழல் தன் பொருளின் நீளத்தோடு நண்பகல் நிழலின் அளவும் சேர்ந்து வளர்ந்தால் அஸர் நேரம் தொடங்கும் என்பது ஷாஃபி கணக்கு, ஹனஃபியில் இருமடங்கு. இந்திய நேரம் அலகாபாத்தை ஒட்டிய நெடுங்கோட்டில் வகுக்கப்பட்டதால், இவ்வூர் நண்பகல் கைக்கடிகாரத்தைவிடச் சராசரியாக 9 நிமிடம் பிந்தியே வருகிறது. நிழல் அதை அறியும், கைக்கடிகாரம் அறியாது. மிஹ்ராபு இடத்தைக் காட்டுகிறது, இந்தக் கடிகாரம் காலத்தைக் காட்டுகிறது. இரண்டும் மாலுமிகளின் அறிவே.

திசையில் ஐயம் கொண்டவர்க்கு அதே நிழல் உதவும். ஆண்டில் இருமுறை கதிரவன் கஅபாவின் நேர் உச்சியில் நிற்கிறான்: மே 28, சூலை 16ஐ ஒட்டிய நாள்களில். இந்திய நேரப்படி மே மாதம் பிற்பகல் 2.48, சூலையில் 2.57. சூலையில் மேகம் மறைக்கக்கூடும். மே மாத வெயில் பெரும்பாலும் ஏமாற்றாது. அந்நேரத்தில் பள்ளியின் முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டால், நிழல் கிழக்கே சற்றுத் தெற்கு சாய்ந்து, கடலை நோக்கி விழும். அந்தக் கோட்டின் மேல் நின்று, நிழலுக்கு முதுகு காட்டித் திரும்பினால் எதிரே மக்கா.